வெறுங்கிண்ணம் ஆகாது

கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மேசை நடுவில் வைத்தாயிற்று. அதில் என்ன போட்டு அனுப்புவது என்பதுதான் ஷாய்மெர்டெனின் கவலை.

கசாக் நாட்டு அல்மாத்தி நகரில் ஏதோ ஒரு துறைக்குத் துணைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரைஹானுக்கு இளைப்பு. நகரத்துப் புகை ஆகாது என்று டாக்டர் சொல்ல, எல்லை தாண்டி எங்கள் கிர்கிஸ் மலைக்கிராமத்துக்கு வந்தார். பழைய ஆட்கள் விட்டுப்போன சட்டி பானையோடு ஒரு வீட்டை வாங்கினார். "கசாக்கும் கிர்கிஸும் ஒருதாய்ப் பிள்ளைகள். சம்பிரதாயம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்று வந்த அன்றே ஓர் உரையும் நிகழ்த்தினார். சொல்லித்தரட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு புருல் வந்தாள். கையில் நீலப்பூக் கிண்ணம் நிறையப் பாலாடை.

"கிண்ணத்தையும் வச்சுக்கங்கண்ணே. அது வந்து..."

"நீ ஒண்ணும் சொல்லவேணாம்மா. எனக்கு எல்லாம் தெரியும்."

கதவைச் சாத்தியதும் மனைவிக்குப் பொழிப்புரை சொன்னார். "பாத்தியா நாகரிகத்தை? வச்சுக்கன்னுதான் சொல்வாங்க. வச்சுக்கிட்டோம், ஏழு தலைமுறைக்குப் பேச்சு. வெறுங்கிண்ணமாத் திருப்பறதும் ஆகாது."

"அவ சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டா என்னவாம்?"

"நீ நகரத்துக்காரி, உனக்குப் புரியாது."

அவரும் அதே நகரம்தான். அதே தெருவும்கூட.

சாக்லேட் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாலைக்குள் கிண்ணம் திரும்பி வந்தது; உள்ளே கல்லாய்க் காய்ந்த தயிர் உருண்டைகள்.

"வச்சுக்கங்கண்ணே. திருப்பி அனுப்பாதீங்க" என்றாள் புருல், கொஞ்சம் அழுத்தமாக.

"சாக்லேட் பத்தலைபோல" என்று முடிவு கட்டினார் ஷாய்மெர்டென்.

குளிர்காலத்துக்கு வைத்திருந்த பாதாமும் அக்ரூட்டும் போயின. தேன் வந்தது. ரைஹான் உயிராகப் பாதுகாத்த காபித்தூள் போனது. வெண்ணெய் வந்தது. கடைசியில், இதற்கு மேல் எவனும் போகமுடியாது என்று, பணி ஓய்வு விழாவில் தந்த கைக்கடிகாரத்தைக் கிண்ணத்தில் வைத்து, ஒரு சிற்றுரையோடு கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் ஓர் ஆடு வந்தது. கழுத்தில் துணியால் கட்டிய கிண்ணம், கிண்ணத்துக்குள் கைக்கடிகாரம். கயிற்றைப் பிடித்திருந்தவன் புருலின் கணவன் தோக்தோசுன்.

"அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்க. இதோட வச்சுக்கங்க" என்றான். கெஞ்சாத குறையாகக் கயிற்றை அவர் கையில் திணித்தான்.

"கெஞ்சற மாதிரி மிரட்டறான்" என்றார் ஷாய்மெர்டென், அவன் போனதும்.

வீட்டில் இனிக் கொடுக்கத்தக்கது ஒன்றுதான் இருந்தது. அவர் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார்.

ரைஹான் எழுந்தாள். "எனக்கு மூச்சு முட்டினா ஆஸ்பத்திரிக்கு எதுல போவேன்? ஆட்டு மேலயா?"

"கசாக்கு மானம்னு ஒண்ணு இருக்கு."

"அதுக்கு நாலு சக்கரம் இருக்கா?"

மகள் தொக்ஜான் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அடுத்த தடவை என்னைப் போட்டு அனுப்புவீங்களாப்பா?"

"கிண்ணம் சின்னது. அதான் தப்பிச்சே" என்றாள் தாய். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "கார் போச்சுன்னா நானும் போறேன். புகையோ கரியோ, அல்மாத்தியே தேவலை. அங்கே பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூட நமக்குத் தெரியாது."

ஷாய்மெர்டென் சாவியைக் கிண்ணத்தில் போட்டார். துணைத்தலைவர்கள் முடிவெடுத்த பிறகு கேட்பதில்லை. எடுக்கும் முன்பும் கேட்பதில்லை. கோட்டை மாட்டி, தொப்பியைச் சரிசெய்து, கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்தி நடந்தார். மூச்சிரைக்க ரைஹானும் பின்னால் ஓடினாள்.

தோக்தோசுன் தொழுவத்தில் இருந்தான். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"புருல், இங்கே வா. மனுஷன் காரையே கொண்டாந்துட்டாரு. நாம இனி எதைக் கொடுக்கறது? குதிரை ஒண்ணுதான் பாக்கி."

ஷாய்மெர்டென் தொண்டையைச் செருமினார். "கசாக்கும் கிர்கிஸும்..."

"உரை அப்புறம்" என்று கோட்டின் முனையைப் பிடித்து இழுத்தாள் ரைஹான்.

மாவுக் கையோடு வெளியே வந்த புருல் சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ஏன்ணே, உங்க வீட்டுக் கிண்ணத்தை நீங்க வாங்கிக்கவே மாட்டீங்களா? முன்னே அங்கே குடியிருந்தவங்ககிட்ட நான் இரவல் வாங்கினதுண்ணே அது. வெறுங்கிண்ணமாத் திருப்பக்கூடாதேன்னுதான் அன்னைக்குக் கொஞ்சம் பாலாடை வச்சேன்."