வெள்ளைச் சட்டையில் ஓடிய கார்ட்டூன்

ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சூரிச்சைச் சுற்றியுள்ள மண்டபங்களில் நடந்த பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, விளையாட்டுப் போட்டி எதிலும் நான் பேசாமல் விட்டதில்லை. (கூப்பிடாத இடங்களிலும் பேசியிருக்கிறேன்.) இருபத்தேழு வயதில், எங்கள் சங்கத்தின் கலாசாரச் செயலாளராக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் நான் ஆற்றிய உரைதான் எங்கள் வீட்டில் இன்றுவரை அதிகம் பேசப்படும் உரை. அதில் நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

என் தங்கை தர்ஷினி படம் கீறுகிறவள். அப்பா டீட்டிகோனில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரர். கிழமை முடிந்ததும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியல் தாள்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் கீறிக் கீறித்தான் அவள் வளர்ந்தாள். (நானும் கீறினேன். என் மாடு எல்லாம் மேசை மாதிரி வந்தபடியால் பேச்சுத் துறைக்கு மாறினேன்.)

வங்கியில் தொழிற்பயிற்சி முடித்து, அங்கேயே வேலையும் கிடைத்த மூன்றாம் மாதம், அவள் அதை விட்டுவிட்டு வீடியோ கேம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். மொத்தம் ஐந்து பேர். அப்பா சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட்டியோ, குளிருது, ஜக்கெட்டைப் போடு என்று எல்லாம் கதைப்பார். அவளுடைய வேலையைப் பற்றி மட்டும் நான்கு வருடமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இடையில் கிடந்து தவித்தவன் நான்.

அந்த ஐவரும் செய்த விளையாட்டில், கயிறு அறுந்த ஒரு சிவப்புக் கேபிள் கார் தன் கயிற்றைத் தேடி மலை மலையாக அலையும். அவ்வளவுதான் கதை. பிள்ளைகளுக்கு அது பைத்தியமாகப் பிடித்துப்போக, ஒரு சிறுவர் தொலைக்காட்சி அதைக் கார்ட்டூன் தொடராக எடுத்தது. சனிக்கிழமை காலை எட்டரை மணி. ஒரு பகுதி பதினொரு நிமிடம். மலை, பனி, வானம் எல்லாம் தர்ஷினியின் கை.

"அப்பா பாப்பாரோ அண்ணா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். வீட்டுச் சோபாவில் அப்பாவை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தொலைக்காட்சியைப் போட்டிருந்தால் காரியம் முடிந்தது. ஒரு சாதாரண மனிதன் அதைத்தான் செய்திருப்பான்.

"சோபாவில இருந்து பாக்கிற விசயமோ இது? நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஓர்லிகோனில் மண்டபம் பிடித்தேன். பெரிய திரை, புரொஜெக்டர், வாழைமரம், எண்பது பேருக்கு ரோல்ஸ், வடை. அழைப்பிதழில் 'முதற்பகுதி வெளியீட்டு விழா' என்று பொன் எழுத்து. கார்ட்டூனுக்கு வாழைமரம் கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அப்பா அழைப்பிதழை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வாறன். ஒம்பது மூண்டு ரெயினுக்கு வெளிக்கிட வேணும்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தியதில்லை. சுவிஸ் ரயில் பிந்தும், அப்பா பிந்தமாட்டார்.

நிகழ்ச்சி நிரலில் மங்கல விளக்கேற்றல் ஏழே முக்கால். சனம் வந்து சேர எட்டேகால். ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர், ஒவ்வொருவரையும் பட்டம் பதவியோடு அழைக்க வேண்டும். நான்காம் திரிக்காரர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். விளக்கு முழுதாக எரிந்தபோது எட்டு இருபத்தாறு. நான் வரவேற்புரைக்கு எழும்ப, தர்ஷினி என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, எட்டரைக்குத் தொடங்கிடும். நிப்பாட்டேலாது."

"ரெண்டே ரெண்டு நிமிசம்."

நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினேன். என் அனுபவத்தில் கடைசிப் பேச்சாளர் இறங்காமல் ஒரு நிகழ்ச்சியும் தொடங்கியதில்லை. தொலைக்காட்சி நிலையமும் ஏதோ எங்கள் சங்கத்தின் கிளை என்று நினைத்துவிட்டேன். போதாக்குறைக்கு, ஒலியமைப்புக்குப் பொறுப்பான சின்னராசா அண்ணையிடம், "நான் பேசேக்க வேற ஒரு சத்தமும் வரக்கூடாது" என்று முதலே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவறாத மனிதர்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு மேடையின் நடுவில் நின்றேன். முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. எனக்கென்று விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்தது. ஆறு பக்க உரை. கலைகள் அறுபத்து நான்கில் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் சபை மாறியது. பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். சின்னப் பிள்ளைகள் கதிரையை விட்டு எழும்பி மேடையடிக்கு வந்து, வாய் பிளந்து நின்றார்கள். ஒரு பெரியவர் வடையைக் கடிக்க மறந்து கையில் வைத்திருந்தார். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், இப்படி ஒரு சபையைக் கண்டதில்லை. குரலை உயர்த்தினேன். கைகளை விரித்தேன். தர்ஷினி முன்வரிசையில் இருந்து ஏதோ சைகை காட்டினாள். பாவம், அண்ணனின் பேச்சில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

உரை முடிய முன்பே கைதட்டல் எழுந்தது. சனம் எழும்பி நின்று தட்டியது. நான் கைகூப்பி, குனிந்து வணங்கினேன். குனிந்தபோதுதான் என் வயிற்றைப் பார்த்தேன். சட்டையில் எழுத்துகள் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டிருந்தன. தொப்புளடியில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறிய ஒரு வரியில் என் தங்கையின் பெயர் இருந்தது.

"தம்பி, முடிஞ்சுது" என்றார் சின்னராசா அண்ணை.

"என்ன அண்ணை முடிஞ்சது?"

"படம்."

பதினொரு நிமிடமும் அது என் முதுகுக்குப் பின்னால், சத்தமில்லாமல், என் நிழல் மலைகளுக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டிருக்க ஓடி முடிந்திருந்தது. சிவப்புக் கேபிள் காரைவிட என் நிழல்தான் அதிக நேரம் தோன்றியதாம். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். ஜக்கெட்டைப் போட்டார். "பிள்ளை, நான் வெளிக்கிடுறன்" என்று தர்ஷினியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் என்னைத் திட்டவில்லை. மடியில் இருந்த அழைப்பிதழை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழும்பு" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர்லிகோன் நிலையத்துக்கு ஓடினேன். அவளும் பின்னால் ஓடிவந்தாள். (வழியில் ஒரு வெள்ளைக்கார அம்மா நாயைத் தூக்கி வைத்துக்கொண்டார்.) ரயில் மேடையில் அப்பா, வழமைபோல இரண்டாவது பெட்டி நிற்கும் இடத்தில் நின்றார். ஒளிபரப்பு முடிந்ததும் அந்தப் பகுதியை இணையத்தில் போட்டிருந்தார்கள். தர்ஷினி கைத்தொலைபேசியை அவர் கையில் கொடுத்தாள்.

நானும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விடியற்காலை. ஒரு மலை. பனி என்றால் வெள்ளை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதில் நீலம் இருந்தது, சாம்பல் இருந்தது, ஓரத்தில் மெல்லிய ரோசா இருந்தது. அந்தப் பெரிய அமைதிக்குள் சிவப்புப் பெட்டி தனியாக ஏறிப் போனது. என் தங்கைக்குள் இப்படி ஒன்று இருந்ததென்று தெரியாமல், அவளைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

அப்பா படத்தை விரலால் நிறுத்தினார்.

"பனிக்குள்ள என்ன பிள்ளை கோடு?"

"பெரிசாக்கிப் பாருங்கோ."

பெரிதாக்கினார். கட்டம் கட்டமாகக் கோடுகள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய தமிழ். 'வியாழன். உருளைக்கிழங்கு நாப்பது கிலோ.'

"இது என்ர எழுத்தெல்லோ."

"ஓம் அப்பா. நீங்கள் கொண்டந்த தாள்தான். எல்லாம் எடுத்து வச்சிருந்தனான். மலை முழுக்க அதை ஒட்டிச் செய்ததுதான்."

ஒன்பது மூன்று ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. அப்பா தலை நிமிரவில்லை.

"அப்பா, ரெயின்" என்றேன்.

"போகட்டும்."

கதவு மூடியது. ரயில் போனது. ஆல்ப்ஸ் மலை இடம் மாறியிருந்தால்கூட நான் அவ்வளவு அதிசயப்பட்டிருக்கமாட்டேன். அப்பா சமையலறைக்குத் தொலைபேசி எடுத்து, அரை மணி பிந்தும் என்று தன் ஜேர்மன் மொழியில் சொன்னார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "என்னுடைய மகளின் மலையைப் பார்க்கிறேன்" என்றார். மறுமுனையில் உடம்பு சுகமா என்று விசாரித்தார்கள்.

"முதல்ல இருந்து போடு பிள்ளை" என்றார் பிறகு. "அந்த வானத்தை என்னெண்டு செய்தனி?" அவள் வேலையை எப்படிச் செய்கிறாள் என்று நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் சொல்லத் தொடங்கினாள். அடுத்த ரயில் வரும்வரை சொன்னாள்.

தொடர் இப்போது மூன்றாம் பருவத்தில் ஓடுகிறது. சனிக்கிழமைகளில் சோபாவில் இருந்துதான் பார்க்கிறோம். நான் மட்டும் நிலத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். என் கல்யாணத்துக்குத் தர்ஷினி தந்த பரிசு ஒரு வெள்ளைச் சட்டை. போனமாதம் அவளுக்கு ஒரு விருது கிடைத்தபோது, விழா எங்கே வைக்கலாம் என்று ஆர்வத்தோடு வாய் திறந்தேன்.

"மண்டபம் வேண்டாம் தம்பி" என்றார் அப்பா. "திரையும் வேண்டாம். நீ சட்டையைத் தோய்ச்சுப் போட்டுக்கொண்டு வா. அண்டைக்கு இவளின்ர பேர் தெளிவாத்தான் தெரிஞ்சது."