டெஸ்பாட்சுக்குப் போன கட்டளை

பட்டாபி மறுபடியும் ‘எம்வி’ என்று அடித்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது.

காலையில்தான் டைரக்டர் பரமசிவத்திடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். “கம்ப்யூட்டர்ல கட்டளை எல்லாம் ஒரே இடத்துல குப்பையாக் கெடக்கு சார். நம்ம ஆபீஸ் மாதிரி செக்‌ஷன் செக்‌ஷனாப் பிரிச்சுடறேன்.”

“நல்ல யோசனைவே” என்று மகிழ்ந்த டைரக்டர், ஸ்டெனோ ராஜலக்ஷ்மியைக் கூப்பிட்டு ஏதோ டிக்டேட் செய்தார்.

டெல்லி ஆர்.கே.புரத்து ஆபீஸில் பல வருடம் ஃபைல் அடுக்கிய கை. புதிதாக வந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரின் கட்டளைகளை ஆபீசர், அக்கவுன்ட்ஸ், டெஸ்பாட்ச் என்று பெயரிட்டு, டைரக்டரி எனும் தனித்தனி அறைகளில் போட்டார். எதையும் இடம் மாற்றித் தருகிற எம்வி, முறைப்படி டெஸ்பாட்சுக்குப் போனது. அதோடு அடுக்கும் வேலை நின்றது; போனதைத் திருப்பிக் கொண்டுவரவும் எம்விதான் வேண்டும். தேடல் பட்டியலில் எழுதியுள்ள இடங்களில் மட்டுமே அந்த இயந்திரம் கட்டளையைத் தேடும். டெஸ்பாட்ச் அதில் இல்லை.

பட்டியலில் டெஸ்பாட்சை எழுதினார். விலாசத்தை அரைகுறையாக எழுதியதால் எம்வி வரவில்லை. பட்டியலின் பழைய இடங்களும் அழிந்து, மிச்சமிருந்த கட்டளைகளும் போயின.

அணைத்துப் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. அதை எழுப்ப வேண்டிய கட்டளையும் ஆபீசர் டைரக்டரிக்குப் போயிருந்தது.

பார்லிமென்ட் கேள்விக்கான பதில் மாலைக்குள் அச்சாக வேண்டும். டைரக்டர் ஓடி வந்தார்.

“யாருவே இதுல கை வச்சது?”

பட்டாபியின் பார்வை, அவரை அறியாமல், சுந்தரவல்லியிடம் போனது. புதிதாகச் சேர்ந்த பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“நீயாம்மா?” என்றார் டைரக்டர்.

அவள் கண் கலங்கியது. பட்டாபிக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நான்தான் சார். அந்தப் பொண்ணு தொடவே இல்லை. தெரியாத்தனமா அவளைப் பார்த்துட்டேன்.”

குனிந்த தலை நிமிரவில்லை. டைரக்டருக்கே பாவமாகிவிட்டது.

“விடும்வே. இஞ்சினியர் வந்து டேப்ல இருக்க நகலை ஏத்திருவாரு. பதிலை டைப் அடிச்சுக்கலாம். நம்ம ஒரு ஆபீஸோட போச்சு, வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது.”

பட்டாபி மெல்ல மூச்சு விட்டபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ராஜலக்ஷ்மி வந்தாள்.

“சார், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூணு ஆபீஸும் லைன்ல இருக்கா. காலைல நீங்க அனுப்பச் சொன்ன டெலக்ஸ் கெடைச்ச உடனேயே பட்டாபி சாரோட முறைப்படியே அவாளும் கட்டளையைப் பிரிச்சு அடுக்கிட்டாளாம். எம்வியைக் காணோமேன்னு கேக்கறா.”