பப்பாளிக்குள் கல் இருக்காது

போடிநாயக்கனூரில் குரோமியத்திடம் திட்டு வாங்காத இரும்பு கிடையாது. மனிதர்களையாவது ஆள் பார்த்துத் திட்டுவார். உலோகம் என்றால் தராதரமே பார்க்க மாட்டார்.

வாயைத் திறந்தால் குரோமியம் என்பதால் அதுவே பட்டப்பெயராகிவிட்டது; பெற்றோர் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்து வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வதுதான் தொழில். ஆனால் செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, உலகத்தில் புதிதாக வரும் கலப்பு உலோகங்களெல்லாம் கத்திக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். எவரும் கேட்கவில்லை. கேட்டால்தான் பேசுவேன் என்றால் அந்த மனிதர் ஊமையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சோதனை முறை பயங்கரமானது. கத்தியைச் சுண்டி, காதில் வைத்துக் கேட்பார். பிறகு நாக்கில் வைப்பார். "குரோமியம் தூக்கல். கத்தியா இது? கரண்டி!" பிறகு இடது கை முடியைச் சிரைத்துப் பார்ப்பார். அந்தக் கை மட்டும் வருஷம் முழுக்க மொட்டையாக இருக்கும். மொட்டை போட்டதற்குப் பழனி முருகன்கூடப் பொறுப்பேற்க மாட்டார்.

ஒருமுறை துபாயிலிருந்து வந்த ஒருவர் டைட்டானியம் கத்தியைப் பெருமையாகக் காட்டினார்.

"அப்பு, இது ஏரோப்பிளேன் செய்ற சாமான். இதுல வெங்காயம் அரிஞ்சா வெங்காயம் பறந்து போயிரும்" என்றார் குரோமியம்.

வந்தவர் அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாக நடக்கவே இல்லை.

சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர், திடீரென எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். காய் வெட்டும் கத்தியைப் பிடுங்கிச் சுண்டினார். "இதுல வெட்டுன வாழைக்காய நான் திங்கணுமா?" சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பந்தி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கொதித்தார்கள். குரோமியத்தின் மனைவிதான் சமாதானம் செய்தார்: "மன்னிச்சுக்கங்க. இவருக்குக் கழுத்தறுக்கக் கத்தியே வேணாம், வாயே போதும்."

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு கத்தியைப் பாராட்டினார். வினையும் அதில்தான் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஏஜென்ட், ஏதோ புதுக் கலவையில் செய்த கத்தியோடு வந்தான். துரு பிடிக்காது, சாணையே வேண்டாம் என்றான். போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதலாளி, தன் ஆட்களுக்கெல்லாம் அதை வாங்க நினைத்து, சோதிக்கச் சொல்லிக் குரோமியத்திடம் அனுப்பியிருந்தார். அந்த ஏஜென்ட் கெட்டிக்காரன். வாசலில் நின்றே, "இன்ஜினியர் சார் இருக்காருங்களா?" என்றான்.

குரோமியத்தின் முகம் வெல்டிங் ஒளி போல ஆனது. பப்பாளியை வெட்டினார். கயிற்றை அறுத்தார். டயரைக் கிழித்தார். "மாப்ளே, இதான்டா கத்தி!" என்று என்னிடம் கூவினார். முதலாளி அன்றே ஆர்டர் கொடுத்தார். பழைய கத்திகளை இரும்புக்கு எடைபோடும் ஆக்கர் கடையில் போட்டார்.

சில வாரம் கழித்துத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. பேச்சியம்மா என்ற பெண் ஏலச்செடியின் காய்ந்த தட்டையை அடியோடு வெட்டும்போது, சருகுக்குள் கிடந்த கல்லில் கத்தி பட்டுத் தெறித்திருக்கிறது. சில்லு புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

யாரும் குரோமியத்தைக் குறை சொல்லவில்லை. "கல்லுல போட்டா எந்தக் கத்தியும்தான் உடையும்" என்றார் முதலாளி. குரோமியம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஏஜென்ட் விட்டுப்போன சாம்பிள் கத்தியை எடுத்துப் பட்டறை வாசல் கல்லில் போட்டார். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

உடைந்த சில்லுகளைப் பொறுக்கியபடியே கேட்டார்:

"மாப்ளே, பப்பாளிக்குள்ள கல்லு இருக்காதுல்ல?"

"இருக்காது மாமா."

அந்தக் கத்திகளை யாரும் தொடக்கூடாது என்று தோட்டத்துக்குப் போன் போட்டார். பிறகு கேட், ஜன்னல் வேலைகளையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, லாரி ஸ்பிரிங் பட்டாவை வெட்டி உலையில் போட்டுக் கத்திகள் அடித்தார். ஒரு சாக்கு நிறைந்ததும், "ஏறு மாப்ளே தோட்டத்து ஜீப்புல. வெரசா!" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறினார். எனக்குக் கடையில் சோலி இருந்தது. அதை அவர் காதில் வாங்கவில்லை.

மூடுபனியில் வேலையாட்கள் கூடி நின்றார்கள். பேச்சியம்மாவின் நெற்றியில் கட்டு.

"ஆத்தா, நான் நல்லாருக்குன்னு சொன்னது தப்பு. அந்தப் பய என்னைய இன்ஜினியர்னான். மயங்கிட்டேன்" என்றார் எல்லோர் முன்னாலும்.

சொன்னதோடு விட்டாரா? நம்பிக்கை வர வேண்டுமென்று, கொண்டுவந்த கத்தி ஒவ்வொன்றையும் கல்லில் ஓங்கி வெட்டிக் காட்டினார். ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. ஆனால் எல்லாமே மழுங்கிப்போயின.

பேச்சியம்மா ஒரு கத்தியை வாங்கி விரலால் தடவினார். "மழுக்கிக் குடுக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா?"

தோட்டமே சிரித்தது. குரோமியம் தலைகுனிந்து அரத்தோடு உட்கார்ந்தார். எல்லாக் கத்திகளையும் தீட்டி முடித்து, முதல் கத்தியைப் பேச்சியம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தபோது மதியம் தாண்டிவிட்டது.

இறங்கும்போது இரண்டாவது வளைவிலேயே என் மீது சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை வேறு. சட்டையெல்லாம் கரியும் கிரீசும். மலையடிவாரத்து முந்தல் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.