ஒரு வாய் காபியும் மூன்றாவது நடைமேடை வாத்தும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ராத்திரியில் தூங்குகிற எல்லோரும் நலமாகத்தான் இருப்பார்கள். இங்கே உங்கள் தங்கை நலம். உங்கள் மருமகள் வாண்டு, நான்கு வயதுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே நலம். நான் மட்டும் எழுதும்போதே தூங்கிக்கொண்டிருக்கிறேன். வரிகள் கோணிக்கொண்டு கீழே இறங்கினால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். இதைப் பக்குவமாகச் சொல்ல ஒரு வழி யோசித்தேன்; யோசிக்கக் கண்ணை மூடினேன், விடிந்துவிட்டது. அதனால் நேராகவே எழுதிவிட்டேன். நீங்கள் கொடுத்த அந்த ஒரு வாய் காபியால் என் வீட்டில் தூக்கம் இடம் மாறிப் போயிற்று. என் வேலையும் இப்போது ஒற்றை நூலில் தொங்குகிறது.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாம் மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் வாங்கி வந்த பொடியில் காபி குடித்தோம். வெயில் தரையில் ஒரு கட்டம் போட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் வாண்டு உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம், ஏங்குது புள்ள. ஒரு வாய் குடுத்தா என்ன?” என்றீர்கள். “வேண்டாம் மச்சான், சின்னக் குழந்தை” என்றேன். “நாமெல்லாம் குடிச்சுத்தானே வளர்ந்தோம்?” என்றீர்கள். வளர்ந்தோம், மறுக்கவில்லை. வளர்ந்த லட்சணத்தைப் பாருங்கள்: நீங்கள் உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, நான் நின்றால் தலை ஆடுகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கோப்பையை அவள் வாயில் வைத்துவிட்டீர்கள். அவள் முகத்தைச் சுளித்தாள், தும்மினாள், பிறகு பெரிய மனுஷி போல, “நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் சூடா இருக்கலாம்” என்றாள். நாம் மூவரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்ததற்குத்தான் இன்றைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம்தான் இது தொடங்கியது மச்சான். எட்டு மணிக்குத் தலையணையைக் கண்டால் சாய்கிற குழந்தை, நான் வேலை முடிந்து வரும்வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். அதே வாரம்தான் எனக்குக் காலைப் பணியிலிருந்து மாலைப் பணிக்கு மாற்றல் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் கதவைத் திறந்தால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, “காபி குடிக்கலாமா அப்பா?” என்கிறாள். பகலில் என் கோப்பையின் அடியில் மிஞ்சுவதை விரலால் வழித்துக் குடிக்கிறாள். கோப்பைகளை அலமாரியின் உச்சியில் வைத்தேன். அப்படியும் விழித்திருக்கிறாள். அப்படியென்றால் உங்கள் ஒரு வாய் எவ்வளவு வீரியமானது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா பொறுமைசாலி. “என்ன குடிச்சா?” என்றார். “காபி.” “எவ்வளவு?” “ஒரு வாய்.” “எப்போ?” “போன மாசம்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அது ஒரு நாள்ல உடம்ப விட்டுப் போயிருக்கும். ஆனா இவ்வளவு சின்னக் குழந்தைக்கு காபி, டீ, அந்தக் கறுப்பு சோடா எதுவுமே பழக்காதீங்க. தூக்கம் கெடும், படபடப்பு வரும், பசி போயிடும். சாக்லேட்ல கூடக் கொஞ்சம் இருக்கு” என்றார். இதில் ‘ஒரு நாள்ல போயிருக்கும்’ என்பதைத் தவிர மற்ற எல்லாமே எனக்குச் சாதகமான தீர்ப்பு. உங்கள் தங்கை சாட்சி. நான் சாட்சி இல்லை, ஏனென்றால் சாக்லேட் என்று அவர் சொன்னபோதே குழந்தைகளைப் படுக்கவைக்கும் மேசையில் சாய்ந்துவிட்டேன். எழுப்பியபோது வாண்டு ஸ்டெதஸ்கோப்பை என் நெற்றியில் வைத்து, “அப்பா உள்ள ரயில் ஓடுது” என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆம், எனக்குத் தூக்கம். முதலில் சில நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, அதற்குப் பிறகு ஓயாத தூக்கம். காபி குடிக்காமல் இல்லை. நான் வேலை பார்க்கும் ரயில் நிலையத்துக் கடைக் காபி பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பதால் உங்கள் தங்கை வீட்டிலிருந்தே பிளாஸ்கில் போட்டுத் தருகிறாள். அதே டப்பா, அதே பொடி, அதே மணம். என் நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் காட்டிக்கொடுக்கும். முன்பு நான்கு கோப்பை, இப்போது ஏழு. குடிக்கக் குடிக்கக் கண் சொருகுகிறது. யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஓர் உண்மை புரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு விழிப்பு என்று ஓர் ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் வீட்டுப் பங்கு முழுவதையும் அன்று அந்த ஒரு வாயில் வாண்டு குடித்துத் தீர்த்துவிட்டாள். நான் குடிப்பது வெறும் சூடு.

உங்கள் தங்கையிடம் இதைச் சொன்னேன். “போய்ப் படுங்க” என்றாள்.

இனி வேலை விஷயம். நான் உட்காரும் அறிவிப்பு அறை உங்களுக்குத் தெரியும்: படியேறினால் ஒரு சின்ன அறை, முன்னால் முழுக்கக் கண்ணாடி, ஒரு மைக், ஒரு நாற்காலி. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் தூங்காதவனுக்கும் தூக்கம் வரும். தண்டவாளங்கள் மேல் கடைசி வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். கீழே மனிதர்கள் பெட்டிகளோடு நகர்வது சத்தமே இல்லாமல், தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருக்கும். அன்று அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நடைமேடையில் பால் நிறைந்து தளும்பியது. அதில் ரயில்கள் மெத்தென்று மிதந்து வந்தன. பெட்டி பெட்டியாக எல்லா ஜன்னலிலும் குழந்தைகள், எல்லோரும் தூங்குகிறார்கள். எவ்வளவு நிம்மதி! நான் அதில் ஏறப் போனேன். அப்போது மணி அடித்தது, கை பழக்கத்தில் மைக்கை அழுத்தியது, வாயும் பழக்கத்தில் பேசியது. என்ன பேசியது என்பதை மேலாளர் பிறகு எழுதிக் காட்டினார்:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடைக்கு வர வேண்டிய வாத்து சற்றுத் தாமதமாக வரும். வாத்து தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, நாணலைத் தாண்டி, நிலா விழுந்த குளத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. ஒரு குஞ்சு தூங்கிவிட்டது. இன்னொரு குஞ்சும் தூங்கிவிட்டது. கடைசிக் குஞ்சு மட்டும் அம்மா முதுகில் ஏறிக்கொண்டது. பயணிகள் தங்கள் சிறகுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.”

இது காலைப் பணியில் இருந்தபோது வாண்டுவைத் தூங்கவைக்க நான் தினமும் சொன்ன கதை. மாலைப் பணி வந்த பிறகு சொல்ல நேரம் ஏது? உள்ளேயே கிடந்தது வெளியே வந்துவிட்டது. ஒரு ஆள் கூடச் சிரிக்கவில்லை மச்சான், அதுதான் எனக்கு வருத்தம். விசாரணை ஜன்னலில் ஒருவர், “வாத்து எல்லா இடத்திலயும் நிக்குமா?” என்று கேட்டிருக்கிறார். நாலைந்து பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது நடைமேடைக்கு மாறியிருக்கிறார்கள். ஒரு அம்மாள் மட்டும், “குஞ்சுகளுக்கு டிக்கெட் உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாராம்.

மேலாளர் என்னை அழைத்தார். “இன்னொரு தடவ இப்படி நடந்தா பதிவு பண்ணின குரல் வாங்கிப் போட்டுடுவோம். மெஷினு தூங்காது” என்றார். அது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த மைக்கைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. வீட்டில் யாரும் நான் பேசுவதைக் கேட்பதில்லை. ஊரே நின்று கேட்பது அங்கே மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் வெறும் காற்று. அன்று படியிறங்கி, நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்தால் அன்று மட்டும் வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் திறந்து, கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு. காபிக்கும் வார விடுமுறை உண்டு போலிருக்கிறது. மறுநாளிலிருந்து பழைய குருடி கதவைத் திறடி.

ஆகவே மச்சான், தாய்மாமன் உரிமை பெரியதுதான். தோளில் தூக்குங்கள், பொம்மை வாங்குங்கள், செல்லம் கொடுங்கள், கொஞ்சுங்கள். ஆனால் உங்கள் கையும் ஒரு கோப்பைக் காபியும் என் குழந்தையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அவள் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் கோப்பை வாங்கும் நாளில் வாருங்கள். அதுவரை என் கதவு உங்களுக்குச் சாத்தியே

மன்னிக்கவும். மேலே ஒரு கோடு தாளின் ஓரம்வரை ஓடியிருக்கும். அது தூக்கம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும் தெரிவித்து, எல்லோருக்குமே ஆழ்ந்த தூக்கத்தை வேண்டிக்கொள்ளும்,
உங்கள் வருத்தமுள்ள, ஆனால் கோபமில்லாத (எழுதி முடிப்பதற்குள் போய்விட்டது),
தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: ஒட்டித் தபாலில் போடச் சொல்லி இதை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். ஒட்டாமல் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த டப்பால இருக்கறது காபியே இல்லீங்க. வறுத்த பார்லிப் பொடி. நீங்க குடிச்சு வெக்கிற மிச்சத்த இவ வழிச்சுக் குடிக்க ஆரம்பிச்சா. அதான் அண்ணன் கிளம்பின அன்னிக்கே மாத்திட்டேன்” என்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னா குடிக்க மாட்டீங்க. அப்புறம் மறந்தே போச்சு.” நான் தூங்கி வழிவது கண்ணில் படவில்லையா என்றேன். “நீங்க எப்பவுமே அப்படித்தானேன்னு நெனச்சேன்.” என் நாக்கைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும்.

அப்படியானால் வாண்டு ஏன் தூங்குவதில்லை என்று கேட்டேன். உங்கள் தங்கை சிரிப்பதை நிறுத்தினாள். “நம்ம ஜன்னல்ல உங்க மைக் கேக்கும்ல? ஒவ்வொரு ரயிலுக்கும் உங்க குரல் வரும். கடைசி ரயிலச் சொல்லி ‘நன்றி’ன்னு முடிப்பீங்க பாருங்க, அதுக்கு இவ படுக்கையிலருந்து ‘சரிப்பா’ம்பா. சொல்லிட்டு, நீங்க வந்து கதை சொல்லுவீங்கன்னு உக்காந்திருப்பா. நீங்க வந்து, காபியால தூங்கலன்னு திட்டுவீங்க. வாத்து சொன்னீங்களே, அன்னிக்கு மட்டும் கேட்டுட்டே தூங்கிட்டா” என்றாள். ‘காபி குடிக்கலாமா அப்பா’ என்றால் அவளுக்கு அர்த்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை போல எல்லோரும் உட்காரலாமா என்பதுதானாம். நான்தான் காதில் வாங்கவில்லை.

விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள். நல்ல பொடியாக எனக்குக் கொண்டு வாருங்கள். வாண்டுவுக்கு ஒரு சின்ன வெற்றுக் கோப்பை மட்டும், பால் நாங்கள் ஊற்றிக்கொள்கிறோம். காலைப் பணி கேட்டு மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். அது கிடைக்கும்வரை கடைசி ரயில் அறிவிப்போடு ஒரு வரி சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன்: “வர வேண்டிய அனைவரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள், நன்றி.” இதில் வாத்து இல்லை, மேலாளர் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை வருடம் மைக்கில் பேசியிருக்கிறேன் மச்சான், எனக்குப் பதில் சொன்ன ஒரே பயணி அவள்தான்.