விசில் எழுதிய கணக்கும் நான் மாட்டிய பெட்டியும்

நாஞ்சில் நாட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவரும் மெக்கானிக்காகப் போய்விட்டார். ஆரல்வாய்மொழியில் பட்டறை வைத்திருந்த அவரை எல்லாரும் 'விசில்' என்றே சொல்வோம். டர்போ வண்டி ஏற்றத்தில் இழுக்கும்போது ஒரு விசில் சத்தம் வருமே, அதைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஆடிக் காற்று வீசும் நாட்களில் அந்தச் சத்தம் காதில் விழாது என்று பட்டறையைப் பூட்டிவிடுவார். காது இத்தனை முக்கியம் என்றால் காற்றாலைகளுக்கு நடுவிலா பட்டறை வைப்பது என்று ஒருமுறை கேட்டேன். "எனக்க மாமனாரு குடுத்த எடமாக்கும். காத்தையும் சேத்துத்தான் குடுத்தாரு" என்றார்.

எழுத வருவதற்கு முன்னால் நான் அஞ்சுகிராமத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தேன். டர்போ வைத்த சின்ன லாரி. இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை வந்தது. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. நாகர்கோவிலில் ஒரு கடையில் கைக்கடக்கமான பெட்டி விற்றார்கள். இன்ஜினுக்கும் அதன் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அரைமணி நேரத்தில் மாட்டிவிடலாம். டீசல் அழுத்தம் குறைவு என்று அது கம்ப்யூட்டரை நம்பவைக்கும். கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலை அனுப்பும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், வண்டி பழையபடி ஆகிவிடும். இன்னொன்று ஃபிளாஷ். லேப்டாப்பை இணைத்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே திருத்தி எழுதுவது. டீசல், காற்று, வெப்பம் மூன்றையும் ஒத்துப்போகும்படி மாற்றலாம். ஆனால் பாதியில் மின்சாரம் போனால் கம்ப்யூட்டரே செத்துவிடும்.

விசிலுக்குப் பெட்டி என்ற சொல்லே ஆகாது. "சுமடு தூக்குகவன்கிட்ட, உனக்க தலையில ஒண்ணுமே இல்லேன்னு சொல்லி மேல ரெண்டு சாக்கு ஏத்துக மாதிரியாக்கும் அது" என்பார்.

அவரிடம் ஃபிளாஷ் செய்துகொள்வது பெண் கேட்டுப் போவது போல. எத்தனை டன், எந்த ரோடு, ஓட்டுகிறவனுக்குக் கோபம் வருமா என்று விசாரிப்பார். மைத்துனனிடம் வண்டியைக் கொடுப்பேன் என்று ஒருவர் உண்மையைச் சொல்லிவிட, அவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார். என் வண்டிக்கு எழுதிய அன்று கூடுதலாக இரண்டு பேட்டரிகளை இணைத்துவிட்டு, பக்கத்தில் தும்மக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார். பிறகு மூன்று நாட்கள் முழு லோடோடு அவரே திருவனந்தபுரம் போய்வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார். வண்டி வெண்ணெய்போல ஓடியது. யார் ஃபிளாஷைப் பற்றிக் கேட்டாலும், என் வண்டியைப் போய்ப் பார்க்கச் சொல்வார்.

மனிதனுக்குப் போதும் என்று தோன்றுகிறதா? மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா நெருங்கியது. வாழைத்தாருக்கு ஏகப்பட்ட கிராக்கி. அவரிடம் இன்னும் கொஞ்சம் வேகம் கேட்டேன். இந்த இன்ஜின் தாங்குவது இவ்வளவுதான் என்றார். நான் நேரே நாகர்கோவில் போய், அவர் எழுதிய கணக்குக்கு மேலே அந்தப் பெட்டியையும் மாட்டிக்கொண்டேன். தனியாக, அளவோடு வைத்திருந்தால் அதுவும் ஒழுங்காக உழைத்திருக்கும். நான் செய்தது, வயிறு முட்டச் சாப்பிட்டவனை மறுபந்தியிலும் உட்காரவைத்த வேலை.

பதினொரு நாட்கள் பறந்தேன். பன்னிரண்டாம் நாள் ஓர் ஏற்றத்தில் கரும்புகை கக்கி வண்டி நின்றது. பிஸ்டன் உருகியிருந்தது. கட்டி இழுத்துக்கொண்டு போய் விசிலின் பட்டறையில் விட்டேன். வழியிலேயே பெட்டியைக் கழற்றி இருக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். வேறு ஏதாவது மாட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்ஜினைத் திறந்தவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருக்கைக்கு அடியில் கையைக்கூட விடவில்லை.

விசிலின் ஃபிளாஷ் இன்ஜினைத் தின்றுவிட்டது என்ற பேச்சு ஜங்ஷன் டீக்கடையில் பரவியது. நானும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"எனக்குத் தெரியும் மக்கா. நான் சொன்னா பழியத் தள்ளுகேன்னு சொல்லுவானுவ. நீயே சொல்லிரு."

சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. வண்டிகள் வருவது குறைந்தது. அடுத்த ஆடிக்குப் பூட்டிய பட்டறையை அவர் பிறகு திறக்கவே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் மஸ்கட்டுக்குப் போய், வேறொருவர் பட்டறையில் கூலிக்கு நின்றார்.

இரண்டு வருடங்கள் கழித்துத்தான் எனக்கு வாய் வந்தது. அதே டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். யாருக்கும் அதிர்ச்சி இல்லை. "அவரு போயி நாளாச்சே, இப்ப என்னத்துக்கு?" என்றார் ஒருவர். பேச்சு மழைக்குத் திரும்பிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முடி முழுக்க வெளுத்திருந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார். செருப்பை வாசலில் கழற்றினார். "வீட்டுல சோறு இருக்கா மக்கா?"

உட்கார வைத்து நானே பரிமாறினேன். மீன் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார். போதும் போதும் என்று கையால் இலையை மறைத்தார். அந்தக் கையை மெல்ல விலக்கி, இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.