பசை அண்டாவில் காய்ச்சிய கூழ்

நாரணாபுரம்
மாசி மாதம், 1965

மரியாதைக்குரிய மச்சான் தங்கச்சாமி அவர்களுக்கு, சுந்தரபாண்டி எழுதிக்கொள்வது. இவ்விடம் அரிசியைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது, சுகம். அவ்விடம் அக்காளும் நீங்களும் விருதுநகர் மண்டி நிலவரமும் சுகமா என்று எழுதவும்.

அரிசித் தட்டுப்பாடு வந்ததும், உள்ளூர்த் தானியத்தையே உண்போம் என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஒரு கமிட்டி போட்டு என்னைத் தலைவராக்கியது உங்களுக்குத் தெரியும். அன்றைய கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை. களம் களமாகப் போய்க் கையேந்தி, என் வீட்டுக் கம்பையும் சேர்த்துத் தொழுவத்தில் மூட்டை அடுக்கினேன். தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் மத்தியானம் கம்பங்கூழ், முடிந்த காசைக் கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு. அம்புட்டுச் சனத்துக்கும் காய்ச்சப் பாத்திரம் ஏது? கம்பெனி முதலாளி பெரிய மனது பண்ணி ஓர் அண்டா கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்தும் அடியில் ஒரு நீலம் போகவில்லை, பழைய அண்டா அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். திறப்பு விழாவில் யூனியன் அதிகாரியும் நானும் கம்பின் சத்தைப் பற்றி மைக்கில் வெகுநேரம் பேசினோம். இருவரும் நெல்லுச்சோறு சாப்பிட்டு வந்திருந்ததால் பேசத் தெம்பு இருந்தது. வேலைசெய்யும் பெண்களில் ஒருத்தியாவது எழுந்து வர வேண்டுமே! முகத்தில் பசி தெரிகிறது, மச்சான், ஆனால் அண்டாவைப் பார்த்ததும் திரும்பிக்கொள்கிறார்கள். "உங்களுக்கெல்லாம் நாக்கு நீண்டுபோச்சு" என்று மைக்கிலேயே சத்தம் போட்டு, நானும் அதிகாரியும் ஆளுக்கொரு செம்பு குடித்துக் காட்டினோம். சற்று நேரத்தில் அவர் ஜீப்புக்கு இந்தப் பக்கம் குனிந்தார், நான் அந்தப் பக்கம். மாலையைக் கழற்றக்கூட நேரம் இல்லை. மைக்கை யாரும் அணைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

லேபிள் ஒட்டும் மாடத்திதான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். "ஏத்தா, தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்றேன்.

"மைக்குல நீங்கதான பேசிக்கிட்டு இருந்தீக. அது பசை காய்ச்சுற அண்டாய்யா. பசி பொறுக்காம நாங்க பசையை வழிச்சுத் தின்னுறோம்னு நீல மயில்துத்த விஷத்தைக் கலந்து காய்ச்சுறாக. ஐப்பசியில எம்மக தெரியாமத் தின்னுட்டு, வாந்தியெடுத்தே போய்ச் சேந்துட்டா. அந்த அண்டாவுல பாலே காய்ச்சினாலும் எங்களுக்குத் தொண்டையில இறங்குமா?"

துத்தம் வாங்குகிற காசுக்கு ஒரு வேளைக் கூழ் ஊற்றியிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. அங்கேயே முடிவு செய்தேன். வேறு பாத்திரம், மாடத்தி கையால் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம், பேச்சு கிடையாது. மறுநாள் அவள், கதிர் பொறுக்கிச் சேர்த்த கம்பை மடியில் கட்டிக்கொண்டு வந்து என் மூட்டையில் கொட்டினாள். "எம்மக பங்குய்யா" என்றாள். நான் அழுதுவிட்டேன், மச்சான். ஆகவே பெரிய பித்தளை அண்டா ஒன்றை மிளகாய் லோடு ஏற்றிவரும் லாரி எதிலாவது உடனே அனுப்ப வேண்டும். அது வந்துவிட்டால் இந்த ஊரில் இனி ஒரு பிள்ளையும் பசையைத் தொடாது. இது சத்தியம்.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வயிறு நிறைந்து வாழ மாரியம்மன் துணை.

இப்படிக்கு,
சுந்தரபாண்டி
தலைவர், உள்ளூர்த் தானியக் கமிட்டி

பி.கு.: அண்டா அனுப்ப வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் கம்பெனி முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். பசை காய்ச்சும் மைதாவும் தட்டுப்பாடாம், பசை இல்லாமல் ஆர்டர் எல்லாம் நிற்கிறதாம். "சீசன்ல வேலை நின்னா இந்தச் சனம் எங்கன போகும்? நீங்கதான் பாத்துச் செய்யணும்" என்றார். நல்ல விலையும் சொன்னார். என்னால் மறுக்க முடியவில்லை, கம்பு மூட்டைகளை அவர் வண்டியில் ஏற்றிவிட்டேன். கம்பு மாவில் பசை நன்றாகத்தான் வருகிறதாம். வாசனை ஆளை இழுப்பதால் துத்தத்தை மட்டும் இரண்டு பங்காகப் போடுகிறார்களாம். மாடத்தி புதுப்பானை ஒன்றோடு வந்து வாசலில் நிற்கிறாள். கமிட்டி வேலையாகக் காரியாபட்டி போயிருக்கிறேன் என்று வீட்டாரைச் சொல்லச் சொல்லிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.