மனநிறைவுச் சான்றிதழ் பெற்ற தாய்மாமன்

மதுரை கே.கே. நகரில் 'வால்வு ஆம்ப்ளிஃபயர் உரிமையாளர்கள் நீண்டகால மனநிறைவுச் சங்கம்' என்றொரு சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டு, முறைப்படி இயங்கி வருகிறது. பொய் என்று நினைப்பவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் செயலாளர் இருக்க மாட்டார்.

வால்வு என்றால், அந்தக் கால ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குமிழ்தான். சூடாகிறது, கரண்ட் தின்கிறது என்று ஊரே அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றது. தின்று கொட்டையைத் துப்புவதற்குள் அதே குமிழ் தேக்குப் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரு காரின் விலைக்குத் திரும்பி வந்துவிட்டது. முன்பு சூடு என்று திட்டியதற்கு இப்போது 'இதம்' என்று பெயர்.

சமயநல்லூரில் ஜெர்சன் என்பவர் இந்த ஆம்ப்ளிஃபயரைக் கையாலேயே செய்கிறார். வருஷத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ. மனசு சரியில்லாத நாளில் கம்பி சுற்ற மாட்டார். அவருக்கு மனசு சரியாக இருந்த ஒரு நாளில் திருப்பரங்குன்றம் மோட்டார் பம்பு வியாபாரி பால்பாண்டி போய் நின்று, ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

ஆறேழு மாதம் அமிர்தமாகப் பாடியது. பிறகு இடது பக்க ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. வலது பக்கத்திலிருந்து மாவரைக்கிற கிரைண்டர் சத்தம். அந்த நேரம் பார்த்துத்தான் பால்பாண்டியின் தங்கை முனீஸ்வரி தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தாள்.

நம் பக்கம் காதுகுத்தில் குத்துவது பிள்ளையின் காதை. ஊர் பார்ப்பது தாய்மாமனின் கையை. ஆம்ப்ளிஃபயரை எப்படியும் சரிபண்ணிவிடலாம் என்று பால்பாண்டி அவசரப்பட்டு முன்கூட்டியே ஃபிளெக்ஸ் அடித்து முச்சந்தியில் நிறுத்திவிட்டார். பிள்ளையின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவு. நடுவில் மாலை போட்ட ஆம்ப்ளிஃபயர். கீழே, 'இசை மழை பொழிவது: தாய்மாமன் இல்லத்து வால்வு ஆம்ப்ளிஃபயர்.'

"அண்ணே, எதுக்கும் ஒரு மைக் செட்டுக்குச் சொல்லி வச்சிருவமா?" என்றாள் முனீஸ்வரி.

"ஏத்தா, தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன்ல?"

அவள் புருஷன் காளை பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். "சரி மச்சான். பாட்டு வரலைன்னா நீங்களே மேடையேறிப் பாடிருங்க. ஊரே சாட்சி."

ஊரும் சாட்சியாகிவிட்டது. பால்பாண்டி பாடினால் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சமயநல்லூருக்கு ஓடினார். ஜெர்சன் எழுந்து நின்று வரவேற்றார், பெட்டியைத் தொடவில்லை.

"நான் நேரடியா ரிப்பேர் பார்க்கிறதில்லைண்ணே. சங்கத்துல இருந்து புகார் வந்தாத்தான் ஸ்க்ரூ டிரைவரையே கையில எடுப்பேன். அது ஒரு கொள்கை."

சங்கத்தில் இல்லாத செயலாளரை பால்பாண்டி டீக்கடையில் வைத்துப் பிடித்தார். பெயர் செல்வக்குமார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புகளை மேலே அனுப்பி, மேலிருந்து வந்ததைக் கீழே அனுப்பி, ஒன்றிலும் விரல்ரேகை படாமல் ஓய்வுபெற்றவர்.

"புகாரா? தாராளமாக் குடுக்கலாம். மனநிறைவுச் சான்றிதழ் இணைச்சிருக்கீங்களா?"

"நிறைவு இல்லாமத்தானே சார் புகார் குடுக்க வந்திருக்கேன்?"

"அங்கதான் தப்புப் பண்றீங்க. நிறைவில்லாதவர் குடுத்தா அது காழ்ப்புணர்ச்சி. நிறைவானவர் குடுத்தாத்தான் அது நடுநிலையான புகார்."

"நிறைவானவன் எதுக்கு சார் புகார் குடுக்கப் போறான்?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் குடுக்கலை" என்றார் செயலாளர், பெருமையாக.

சான்றிதழ் வேண்டுமென்றால் ஆய்வுக் குழு வீட்டுக்கு வந்து உரிமையாளரைப் பரிசோதிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரை அல்ல. செயலாளரும், தலைவர் மலையாண்டியும், மூத்த உறுப்பினர் சவரியப்பன் வாத்தியாரும் வந்தார்கள். காபி குடித்தார்கள். பிறகு பாட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடினார்கள்.

"இடது பக்கம் வரலை, கவனிச்சீங்களா?" என்றார் பால்பாண்டி.

"மௌனம் எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க!" என்றார் தலைவர்.

"வலது பக்கம் இரையுதே?"

"அது இரைச்சல் இல்லை. இதம்."

அடுப்படியிலிருந்து பால்பாண்டியின் மனைவி முனியாயி குரல் கொடுத்தாள். "அந்த இதத்துல எனக்கு மண்டை பொளக்குதுங்க!"

அந்தக் கருத்து பதிவு செய்யப்படவில்லை. முனியாயி உரிமையாளர் அல்ல.

"தினம் எவ்வளவு நேரம் கேப்பீங்க?" என்றார் செயலாளர்.

"கடையடைச்சு வந்து, சாப்பிடுற வரைக்கும் கேப்பேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்களே, அப்படி.

"கேக்குறீங்க. அதான் வியாதி."

செயலாளர் விளக்கினார். சங்கம் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. தினமும் கேட்கிறவர்களுக்கு ஏதாவதொரு குறை. எப்போதாவது கேட்கிறவர்களுக்குச் சின்ன வருத்தம். துணி போட்டு மூடி, விருந்தாளி வந்தால் மட்டும் திறந்து காட்டுகிறவர்கள் நிறைவாக இருக்கிறார்கள். தலைவர் மலையாண்டி, தமக்கு வந்த பெட்டியில் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. அதனால்தான் அவர் தலைவர்.

"இவருக்கும் மேல ஒருத்தர் உண்டு" என்று செயலாளர் கை காட்ட, சவரியப்பன் வாத்தியார் கூச்சத்தோடு எழுந்து நின்றார். முன்பணம் கட்டிப் பல வருஷமாகக் காத்திருப்பவர் அவர். ஆம்ப்ளிஃபயர் இன்னும் செய்யப்படவே இல்லை.

"சார், உங்களுக்கு ஏதாச்சும் குறை?" என்றார் பால்பாண்டி.

"சொன்னா நாக்கு அழுகிரும். தினமும் காலையில ஜெபம் முடிச்சதும், அது எப்படிப் பாடும்னு நினைச்சுப் பார்ப்பேன். ஒரு நாள்கூட இரைஞ்சதில்லை."

ஆகவே குழு பரிந்துரைத்தது: பால்பாண்டி தம் ஆம்ப்ளிஃபயரை ஜெர்சனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, காத்திருப்போர் வரிசையில் சேர வேண்டியது. நிறைவு உடனே வரும். நிறைவு வந்தால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

"அப்ப கையில ஆம்ப்ளிஃபயரே இருக்காதே சார்! எதைப் பத்திப் புகார் குடுக்க?"

"பாத்தீங்களா, குறை தீர்ந்துபோச்சு."

பால்பாண்டி ரொம்ப நேரம் யோசித்தார். எங்கேயோ உதைக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை. எனக்கும் இன்றுவரை பிடிபடவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காதுகுத்து நாள் வந்தது. மண்டப வாசலில் காளை காத்திருந்தான். "வாங்க மச்சான். தொண்டையைச் செருமிக்கங்க."

தாய்மாமன் சீர் உள்ளே வந்தது. பழத்தட்டு, பட்டுத்துணி, வெள்ளி அரைஞாண், மாலை போட்ட கிடா. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். அதைத் தூக்கி வந்தவர் பால்பாண்டி. செயலாளர் மேடையேறிக் கணீரென்று வாசித்தார்:

"மேற்படியார், தமக்குரிய ஆம்ப்ளிஃபயர் தம்மிடம் இல்லாத நிலையிலும், அந்நிலையின் காரணமாகவும், நீண்டகால மனநிறைவு எய்தியுள்ளார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

"எல்லாம் சரி, பாட்டு எங்க?" என்றான் காளை.

"ஆர்டர்ல இருக்கு மாப்ள."

காளை மேடையைக் கை காட்டினான். அப்போது பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "வெயிட்டிங்காம்ல! கேட்டவனுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க போல."

அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கியவனை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. காசு கொடுத்தும் வாங்காமல் இருப்பவனை அன்றுதான் பார்த்தது. கிழவிகள் வந்து சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்து ஆசாரி காதைக் குத்தினார். மேளமில்லாத, மைக் செட் இல்லாத மண்டபத்தில் பிள்ளையின் அலறல் கூரையில் மோதித் திரும்பியது. கண்ணை மூடியிருந்த சவரியப்பன் வாத்தியார், "ஆகா, இடது வலது ரெண்டும் என்ன துல்லியம்!" என்றார்.

காளை பல்குத்தும் குச்சியைத் தூர எறிந்தான். "மச்சான், அந்த வரிசையில என் பேரையும் சொல்லி வைங்க."

பந்தியில் கறிச்சோறு சாப்பிட்டவர்களில் ஓர் உயர் அதிகாரியும் இருந்தார். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். அவர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதவர் அந்த மண்டபத்தில் யாருமில்லை. கை கழுவியதும் நேராக வந்து, சான்றிதழைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

சில நாளில் எங்கள் தெருவில் குடிநீர் இணைப்பு கேட்டு மனுக் கொடுத்த எல்லோருக்கும் தபால் வந்தது. தங்க நிற முத்திரையோடு நீண்டகால மனநிறைவுச் சான்றிதழ். சண்டை போடத்தான் கூட்டமாகக் கிளம்பினோம். போகிற வழியில் இன்னொரு தடவை படித்துப் பார்த்தோம். கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே சட்டம் போடுகிற கடையும் இருந்தது.

போன வாரம் எங்கள் தெருப் பேயாண்டி வீட்டுக்கு மட்டும் எப்படியோ இணைப்பு வந்துவிட்டது. தண்ணீரும் வருகிறது. பாவம், சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. மனுஷன் வெளியே தலைகாட்டவில்லை. தெருவே திரண்டு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தோம், ஆளுக்கொரு குடத்தோடு.